'செக்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? மனப்பாடம் செய்யாமல் பிடிப்பது எப்படி

பேங்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாள் செக். கேஸ் கசிகிறதா என்று பார்ப்பது செக். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பது செக், கட்டம் போட்ட சட்டை செக், ஓடையின் குறுக்கே கட்டுகிற தடுப்பணை செக் டேம், அமெரிக்காவில் சாப்பிட்டு முடித்ததும் சர்வரிடம் கேட்கிற பில்லும் செக்தான். பள்ளிக்கூடத்து வழியில் போனால் ஒரு நோட்டில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதி உருப்போட வேண்டும், பரீட்சை முடிந்த மறுவாரம் பாதி மறந்துபோயிருக்கும்.

என்னைக் கேட்டால் அது வீண் வேலை. பல அர்த்தம் உள்ள ஆங்கிலச் சொல்லைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. அந்தச் சொல்லை முதன்முதலில் யார், எங்கே, எதற்காகச் சொன்னார்கள் என்று கண்டுபிடியுங்கள், அப்புறம் அங்கிருந்து ஒவ்வொரு அர்த்தமாக நடந்து வாருங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் புரிந்துவிட்டால் அர்த்தத்தைத் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 'செக்'கை வைத்தே முழுக்கச் செய்துகாட்டுகிறேன். இதே முறை மற்ற சொற்களுக்கும் ஓடும்.

முதலில் சரியான அகராதியைத் திறங்கள்

ஆங்கில அகராதிகள் அர்த்தங்களை இரண்டு விதமாக அடுக்குகின்றன, இது பலருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலம் கற்பவர்களுக்காகப் போடப்படும் அகராதிகள், உதாரணமாக ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், இன்று எந்த அர்த்தம் அதிகம் புழங்குகிறதோ அதை முதலில் வைக்கும். அதில் 'செக்' என்று தேடினால் 'சரிபார்' என்பதுதான் மேலே நிற்கும். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டரும் அப்படி இல்லை, எந்த அர்த்தம் முதலில் பிறந்ததோ அதை முதலில் வைப்பார்கள். அதனால் மெரியம் வெப்ஸ்டரில் 'செக்' என்ற பெயர்ச்சொல்லைத் தேடினால் முதல் வரியிலேயே சதுரங்க ராஜா வந்து நிற்பார். இந்த வித்தியாசம் தெரியாமல், 'முதலில் போட்டிருப்பதுதான் முக்கியமான அர்த்தம்' என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

நமக்கு வேண்டியது வரலாற்று வரிசை. கூடவே எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு இணைய அகராதியையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான், எந்த அர்த்தம் சுமாராக எந்த நூற்றாண்டில் எழுத்தில் வந்தது என்று சுருக்கமாகச் சொல்லும். அகராதியில் சொற்பிறப்புப் பகுதியில் வரும் 'பழைய பிரெஞ்சு', 'மத்தியகால லத்தீன்' போன்ற சுருக்கக் குறிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நம் வேலை அங்கேதான் இருக்கிறது.

சொந்தம் இல்லாதவற்றை வெளியே அனுப்புங்கள்

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு சலிப்பு வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் எல்லாம் ஒரே சொல் இல்லை. மரச்செக்கு எண்ணெயின் 'செக்கு' நம் சொல், எள்ளும் கடலையும் ஆட்டுகிற செக்கு. அதற்கும் ஆங்கிலச் செக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, வாட்ஸப்பில் யாராவது தொடர்புபடுத்தி எழுதினால் சிரித்துவிட்டு நகருங்கள். பிராக் நகரைத் தலைநகராகக் கொண்ட செக் குடியரசும் வேறு. அது அங்குள்ள ஸ்லாவிய மக்களின் இனப்பெயர், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலே வேறு மாதிரி இருக்கும். தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அதே சமயம், வேறு வேறு போலத் தெரிபவை உறவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. பேங்க் செக்கை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கடைசியில் 'கியூ-யு-இ' போட்டு எழுதுகிறோம், சரிபார்க்கிற செக்கை 'சி-கே' போட்டு எழுதுகிறோம். எழுத்து வேறானாலும் இரண்டும் ஒரே சொல். ஏன் பிரிந்தன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வேரைத் தேடிப் போனால் பாரசீகத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்

'செக்' என்பதன் அடி, பாரசீக மொழியின் 'ஷா'. ஷா என்றால் அரசன், ஈரான் நாட்டு ஷா என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே ஷாதான். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது, ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்த பிறகு அவர்கள் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆனது, அங்கிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுப்பது வழக்கம். 'ஐயா, உங்கள் ராஜாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எச்சரிப்பது மாதிரி. அந்தக் கூப்பாடுதான் அரபு வழியாக மத்தியகால லத்தீனில் 'ஸ்காக்கஸ்' என்றும், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றும் மாறி, கடைசியில் முன்னால் இருந்த 'எ' உதிர்ந்து ஆங்கிலத்தில் 'செக்' ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பிரெஞ்சு 'எஷெக்' என்பதன் பன்மை 'எஷெஸ்'. அந்தப் பன்மையிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'செஸ்' வந்தது. அதாவது செஸ் என்பதே செக்கின் பன்மை, ஆட்டத்தின் பெயரே 'ராஜாக்கள்' என்பதுதான். சுற்றியுள்ள மொழிகளும் அப்படித்தான், ஜெர்மானியர் 'ஷாக்' என்பார்கள், இத்தாலியர் 'ஸ்காக்கி', ரஷ்யர் 'ஷாக்மத்தி'. ஸ்பானியர்களோ அரபு ஷத்ரஞ்சை அப்படியே எடுத்து 'அஹெத்ரேஸ்' என்று வைத்துக்கொண்டார்கள், ஆகவே நம் சதுரங்கத்தின் பெயர் இன்றும் அவர்கள் வாயில் சிதைந்த உருவத்தில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஷா என்ற சொல்லின் பழம்பாரசீக வேரும் சமஸ்கிருத 'க்ஷத்ர'வின் வேரும் ஒன்றே, ஆள்வது என்று பொருள். சத்திரியரும் செக்கும் தூரத்துச் சொந்தம்.

'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. அரபியில் 'மாத' என்றால் இறந்தான் என்பதால் 'ராஜா செத்தான்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாமல் நிற்பவன், திகைத்துப்போனவன். ஆட்டத்தையும் யோசித்துப் பாருங்கள், செக்மேட்டில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான். பாரசீக விளக்கம்தான் பலகையோடு பொருந்துகிறது. சொற்பிறப்பில் இரண்டு விளக்கம் எதிரெதிரே நின்றால் இப்படிப் பொருளோடு வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி நடக்க ஆரம்பிக்கலாம்: தடுப்பது

வேர் கிடைத்துவிட்டது. பலகையில் செக் விழுந்தால் என்ன நடக்கிறது? நீங்கள் என்ன திட்டம் வைத்திருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் சட்டென்று நிற்கிறது. இந்த 'சட்டென்று நிறுத்துவது' பலகையை விட்டு இறங்கி வந்ததுதான் செக்கின் இரண்டாவது அர்த்தம். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் இது வந்துவிட்டது.

'சரிபார்' என்பதை மட்டும் மனதில் வைத்திருப்பவர்கள் தடுமாறுகிற இடம் இந்தக் கிளைதான். செக் டேம் என்றால் எதையோ சரிபார்க்கிற அணை இல்லை, நீரின் வேகத்தைத் தடுக்கிற அணை. தமிழில் தடுப்பணை என்று பெயர் வைத்தவர் சரியான அர்த்தத்தைப் பிடித்திருக்கிறார். செக் வால்வு என்றால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு, நம் ஊர் பிளம்பர்கள் என்ஆர்வி என்பார்களே அது. செக் நட் என்பது முதல் நட்டு கழன்றுவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் இரண்டாவது நட்டு. ஐஸ் ஹாக்கியில் 'பாடி செக்' என்று கமென்ட்ரியில் சொன்னால் யாரையும் சோதனை போடவில்லை, உடம்பால் மோதித் தடுத்தார் என்று அர்த்தம். வேட்டை நாய்கள் மோப்பம் விட்டுப்போய் நின்றுவிடுவதற்கும் இந்தச் சொல்தான்.

'கீப் இன் செக்' என்றால் கட்டுக்குள் வைத்திரு. சர்க்கரையைச் செக்கில் வையுங்கள் என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னால் அடிக்கடி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏறவிடாதீர்கள் என்கிறார். 'அன்செக்டு' என்று செய்தித்தாளில் வந்தால் பல இடங்களில் 'கட்டுப்பாடின்றி' என்று படிக்க வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பற்றிப் பேசும்போது வரும் 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்பதிலும் இதே தடுப்புதான். நாடாளுமன்றம் போடும் சட்டத்தை அதிபர் வீட்டோ செய்யலாம், அதிபர் நியமிக்கும் நீதிபதியை செனட் ஏற்காமல் விடலாம், ஒருவரை ஒருவர் மறிக்கிற ஏற்பாடு. (பன்மையைத் தமிழில் எழுதினால் எப்படி வந்து நிற்கிறது என்று கவனித்திருப்பீர்கள். இனிமேல் முடிந்தவரை ஒருமையிலேயே ஓட்டுகிறேன்.)

நம் பேச்சுத் தமிழில் 'அவனுக்கு ஒரு செக் வைக்கணும்' என்கிறோம். அரசியல் செய்தித் தலைப்புகளில் 'ஆளுங்கட்சிக்குச் செக்' என்று வருகிறது. யோசித்துப் பார்த்தால், ஆங்கிலேயர் இன்று அதிகம் பயன்படுத்துகிற 'சரிபார்' அர்த்தத்தைவிட, பலகையிலிருந்து நேரே வந்த பழைய அர்த்தம்தான் இந்த வழக்கில் உயிரோடு இருக்கிறது.

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு

இந்தத் தாவல் கொஞ்சம் நுட்பமானது. எதைத் தடுக்க வேண்டும்? தப்பு நடப்பதைத் தடுக்க வேண்டும், மோசடியைத் தடுக்க வேண்டும். அதற்கு என்ன வழி? ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். கணக்குப் பிழைக்கு ஒரு தடையாக இன்னொரு கணக்கை வைத்து ஒத்துப் பார்த்தார்கள், அந்த ஒத்துப் பார்க்கிற வேலைக்கே செக் என்று பெயர் வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 'சரிபார்' என்பது நிலைத்துவிடுகிறது. செக் அப், ஸ்பெல் செக், கணினியில் ஃபைல் சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் செக்சம், பஸ்ஸில் ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

செக்லிஸ்டையும் இங்கேதான் சேர்க்க வேண்டும், அதில் பழைய 'தடு' அர்த்தமும் ஒளிந்திருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் போயிங் 299 என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்புக்குக் கிளம்பி, செங்குத்தாக ஏறி, உடனே விழுந்து நொறுங்கியது. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்கள் ஆடாமல் இருக்கப் போடுகிற பூட்டை எடுக்காமலே கிளப்பியிருந்தார்கள், ஓட்டியவரோ மிகுந்த அனுபவசாலி. அதன் பிறகுதான் புறப்படுமுன் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து ஓட்டுகிற பட்டியல் முறையை ராணுவ விமானிகள் உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதே விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் தயாரானது. இங்கே செக் என்றால் பார்ப்பதா தடுப்பதா என்று கேட்டால் இரண்டும்தான்.

செக்போஸ்ட்டும் இதே மாதிரி இரட்டை வேலை பார்க்கிற சொல். வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகு பார்க்கிறார்கள். இந்த வடிவம் இந்திய ஆங்கிலத்தில் அதிகம், மற்ற இடங்களில் செக்பாயின்ட் என்பார்கள். 1961இல் பெர்லின் சுவர் எழுந்த பிறகு பெயர்போன செக்பாயின்ட் சார்லியில் 'சார்லி' என்பது ஆள் பெயர் இல்லை, ராணுவ ஒலிபரப்பில் 'சி' என்ற எழுத்துக்குச் சொல்கிற சொல். ஆல்ஃபா, பிராவோ என்று அதற்கு முன்னால் இரண்டு சாவடிகள் இருந்தன.

பேங்க் செக் எங்கிருந்து முளைத்தது

ஒத்துப் பார்க்க ஒரு துண்டு வேண்டும் இல்லையா? பணம் கொடுக்கும் ஆணையை எழுதி, அதன் ஒரு பகுதியைக் கிழித்து நாம் வைத்துக்கொண்டால், பிறகு யாராவது தொகையைத் திருத்திக்கொண்டு வந்தால் மாட்டிக்கொள்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் இந்த அடிக்கட்டைதான், நாம் கவுன்டர்ஃபாயில் என்கிறோமே அது. மோசடிக்குத் தடை என்பதால் அந்தப் பெயர். பிறகு அடிக்கட்டையோடு வரும் தாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'கியூ-யு-இ' எழுத்துக்கூட்டல் இங்கிலாந்தின் கருவூலத்துக்கு இருந்த 'எக்ஸ்செக்கர்' என்ற பெயரின் சாயலில் வந்தது. அமெரிக்கர்கள் அந்த அலங்காரம் இல்லாமல் 'சி-கே'யிலேயே நின்றுவிட்டார்கள். நம் ஊர் சட்டம், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிட்டிஷ் எழுத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே இந்தியாவில் பேங்குக்குக் கடிதம் எழுதும்போது 'சி-கே' போட்டால் தப்பு என்று யாராவது அடித்துக் கொடுத்தால் கோபப்படாதீர்கள்.

இதே 'துண்டு' அர்த்தத்தில் இன்னும் சில உண்டு. அமெரிக்காவில் கோட்டையும் தொப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கும் வில்லை செக், சாப்பாட்டுக் கடையில் நீட்டும் பில் செக், சூதாட்ட வில்லைகளும் செக். 'ரெயின் செக்' என்பதைக் கேட்டிருப்பீர்கள், குறிப்பாக அமெரிக்க கிளையன்டோடு வேலை பார்ப்பவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், டிக்கெட்டின் அந்தத் துண்டைக் காட்டி இன்னொரு ஆட்டம் பார்க்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதிலிருந்து, லஞ்சுக்குக் கூப்பிட்டால் 'ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் 'இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று பொருள். மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்க்க வேண்டாம்.

மறுபடி பலகைக்கு: கட்டம்

இது தனிக் கிளை, ராஜாவிலிருந்து வராமல் அவர் நிற்கும் பலகையிலிருந்து கிளம்பியது. பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே'. அதிலிருந்து செக்கர், அதைச் சுருக்கினால் கட்டம் போட்ட துணிக்குச் செக். பந்தயத்தில் கார் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி செக்கர்டு ஃப்ளாக். ஒருவருக்குச் 'செக்கர்டு பாஸ்ட்' இருக்கிறது என்றால் நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்த கடந்த காலம், சொல்கிற தொனியில் கெட்டதுதான் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் அடித்தார்களே, அது இந்தக் கிளையின் அர்த்தத்துக்கு ஊரே பார்த்த உதாரணம். மெட்ராஸ் செக் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட நம் கட்டம் போட்ட கைத்தறித் துணியும் இங்கேதான் வரும், மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறிப் போன துணி அது, நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதற்கு 'இஞ்சிரி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கிளையில் சிறந்த கதை எக்ஸ்செக்கருடையதுதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வரிக் கணக்கை எழுதியது ரோமன் எண்களில், அதில் பேப்பரில் கூட்டல் கழித்தல் போடுவது நரகம், முயன்று பாருங்கள். அதனால் ஒரு பெரிய மேசையில், சுமார் 10 அடி நீளம் 5 அடி அகலம், கறுப்புத் துணி விரித்து, அதில் கோடுகள் போட்டு, பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு, இருபதுக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்கு என்று பிரித்து, அதன் மேல் வில்லைகளை வைத்தும் எடுத்தும் கணக்குப் பார்த்தார்கள். ஈஸ்டருக்கு ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் பண்டிகைக்கு ஒரு தடவை என்று மாகாண வரி வசூலிக்கிற ஷெரீஃபுகள் வந்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஷெரீஃப், எதிர்ப்பக்கம் அரசரின் பொருளாளர், நடுவில் கட்டம் போட்ட துணி. பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் இந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு கையேடே எழுதினார், அதில் இது இரண்டு பேர் மோதுகிற சதுரங்கம் போல இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அந்த மேசைத் துணியால்தான் கருவூலத்துக்கே 'சதுரங்கப் பலகை' என்று பெயர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. முன்னால் நிற்கும் 'எக்ஸ்' தவறாக ஒட்டிக்கொண்டது, பிரெஞ்சு 'எஸ்' என்பதைப் பார்த்த படித்தவர்கள் அது லத்தீன் 'எக்ஸ்'தான் என்று எண்ணித் திருத்திவிட்டார்கள். படிப்பு அதிகமானாலும் சில சமயம் தொல்லைதான்.

அதே அலுவலகம் ரசீதுக்குப் பயன்படுத்தியது மரக்குச்சி. தொகைக்கு ஏற்ப வெட்டுக்கீறல் போட்டு நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள், பின்னால் சேர்த்துப் பார்த்தால் கீறல்கள் பொருந்த வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பழக்கம் ஒழிந்ததும் மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள், சூடு தாங்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே எரிந்துபோனது.

ஒட்டுச் சொற்களை எப்படிப் பிடிப்பது

செக் இன், செக் அவுட், செக் ஆன், செக் ஆஃப் என்று ஒட்டு சேர்ந்து வருபவைதான் பேச்சில் அதிகம் தடுக்கிவிடும். இவற்றுக்கு ஒரு கேள்வி போதும்: இங்கே ஓடுவது தடுப்பா, சரிபார்ப்பா, துண்டா? செக் இன் என்றால் வந்தவரைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது, ஆகவே சரிபார்ப்பு. செக் அவுட் என்பதில் முதலில் ஹோட்டல் கணக்கை முடித்துக் கிளம்புவது, அதிலிருந்து நூலகத்தில் புத்தகம் பதிந்து எடுத்துப் போவது, ஆன்லைனில் பணம் கட்டும் பக்கம். 'அந்தப் புதுக் கடையைச் செக் அவுட் பண்ணு' என்றால் போய்ப் பார். 'இட் செக்ஸ் அவுட்' என்றால் ஒத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. செக் ஆன் என்றால் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்ப்பது, இதில் அக்கறை தொனிக்கும், அதனால் மேனேஜர் 'ஜஸ்ட் செக்கிங் ஆன் யூ' என்று எழுதினால் உளவு பார்ப்பதாக உடனே முடிவுகட்ட வேண்டாம். போக்கரில் 'செக்' என்றால் இந்த முறை பந்தயம் கட்டாமல் விடுகிறேன்.

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறுபடுவதையும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் டிக் அடிக்கிற அடையாளம் அமெரிக்கருக்குச் செக் மார்க். நம் பில் அவர்களுக்குச் செக். பிரிட்டனில் டிராஃப்ட்ஸ் என்கிற பலகை ஆட்டம் அங்கே செக்கர்ஸ். பிரிட்டிஷ் செய்திகளில் 'செக்கர்ஸில் பிரதமர் ஆலோசனை' என்று வந்தால் ஆட்டம் ஆடவில்லை. அது 1921 முதல் பிரதமர்களுக்கு ஓய்வு இல்லமாக இருக்கும், பக்கிங்ஹம்ஷயரில் உள்ள பழைய மாளிகை. எக்ஸ்செக்கரில் வேலை பார்த்த ஒருவர் 12ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்தை வைத்திருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். அங்கே வளரும் ஒரு மரத்தின் பெயரால் வந்தது என்று இன்னொரு விளக்கமும் உண்டு.

சுருக்கெழுத்துக் கதைகளை நம்பாதீர்கள்

ஒரு பழைய ஆங்கிலச் சொல்லுக்கு, 'இதன் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சொல்லைக் குறிக்கிறது' என்று யாராவது விரித்துக் காட்டினால் 100க்கு 99 முறை அது கட்டுக்கதை. டிப்ஸ் கொடுக்கிற 'டிப்' பற்றியும், பகட்டானது என்று பொருள்படும் 'போஷ்' பற்றியும் அப்படிக் கதைகள் சுற்றுகின்றன. எழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம், அதற்கு முன்பே புழங்கிய சொல்லுக்கு அது பொருந்தாது. எட்டிமான்லைனில் ஆண்டைப் பார்த்தாலே பாதிக் கதைகள் விழுந்துவிடும்.

நீங்களே செய்து பார்க்க

அடுத்து 'போர்டு' எடுத்துக்கொள்ளுங்கள், எளிதாக வரும். வேர், மரப்பலகை. பலகையில் சாப்பாடு வைத்தார்கள், அதனால் சாப்பாட்டுக்கே போர்டு, நம் ஊர் பழைய ஹோட்டல் வாசலில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருப்பது இதுதான், சாப்பாடும் தங்கலும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் போர்டு, மின்வாரியம் வரை. கப்பலின் பக்கத்துக்கும் போர்டு என்று பெயர், அதிலிருந்து விமானத்தில் போர்டிங் பாஸ். கப்பலின் வலப்பக்கம் ஏன் 'ஸ்டார்போர்டு' என்று கேட்டால் நட்சத்திரம் எதுவும் இல்லை, பழைய ஆங்கிலத்தில் திசைதிருப்பும் துடுப்பு இருந்த பக்கம். அது முடிந்ததும் 'ஸ்டாக்' பாருங்கள், மரத்தின் அடிமரத்தில் ஆரம்பித்துப் பங்குச்சந்தை வரை போகும், கொஞ்சம் முரட்டுச் சொல். 'பார்' அதைவிடச் சுலபம், ஒரு நீளக் கம்பியில் தொடங்கி வக்கீல்கள் சங்கத்துக்கும் சாராயக் கடைக்கும் எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும்.